நிறைந்திருந்த உப்புத் தொட்டி

"மனித குலத்தின் எல்லா ரகசியங்களும் என்றைக்காவது ஒரு நாள் நிலவறைக்கு இறங்கி வந்தே தீரும். அங்கே அவற்றுக்காக நான் காத்திருப்பேன்."

இப்படி அறிவித்துவிட்டுத் துப்பறியும் நிபுணர் ஆர்விட் சல்மேலா கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்தார். அவருக்காக ஒரு வெந்நீர்க் குழாய் காத்திருந்தது. நெற்றி அதில் ணங்கென்று மோதியது.

"குழாய் உண்மைய ஒத்துக்கிச்சா பாஸ், இல்ல இன்னொரு தடவை விசாரிக்கணுமா?" என்றாள் பின்னால் வந்த லெம்பி.

லெம்பி கோஸ்கெலா காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஆர்விட்டுக்கு உதவியாளர். இரண்டு வேலையிலும் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம் என்பது அவளுடைய கணிப்பு.

ஆர்விட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, ஆலங்கட்டி மழையில் பொத்தலான கூரைகளைப் பார்வையிட்டே கழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு உரிமம் வாங்கி வாசலில் பித்தளைப் பலகை மாட்டிவிட்டார். வடக்கு மின்னசோட்டாவின் குர்கி ஏரியைச் சுற்றி வாழும் ஃபின்லாந்து வம்சத்து ஜனங்கள் அதிகம் பேசமாட்டார்கள். அதைவிடக் குறைவாகத்தான் குற்றம் செய்வார்கள். ஆகவே அவருடைய கீர்த்தி முழுவதும் ஒற்றைக் காலில் நின்றது. காணாமற்போன படகு மோட்டார் வழக்கு. அதை அவர் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். சில சமயம் ஏரியே உறைந்துவிடும்.

இன்றைய வழக்கு ஆய்லி நியெமியுடையது. ஆய்லி குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்துவிட்டு, ஏரிப் பனி உடைகிற நேரத்தில் வீடு திரும்பியிருந்தாள். வந்ததும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். நரி படுத்துப் புரண்ட மாதிரி செம்பட்டையாக அவை வெளியே வந்தன. அது போதாதென்று, தான் இல்லாத நேரத்தில் யாரோ இந்த வீட்டில் புழங்கியிருக்கிறார்கள் என்றும் அவளுக்குப் பட்டது. ஒரு ஸ்பூன்கூடத் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் பட்டது.

வீட்டுச் சாவி இருந்தது ஒரே ஒருவனிடம். ஒன்னி கல்லியோ.

அதுதான் ஆர்விட்டின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒன்னியும் அவரும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வீட்டுக்காரர்கள் தெற்கே பறந்த பிறகு குழாய் உறையாமல், கூரையில் பனி கனக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒன்னியின் பிழைப்பு. ஏரியைச் சுற்றி ஏழு வீட்டுச் சாவிகள் அவனிடம் இருந்தன. ஒருத்தர் திரும்பக் கேட்டால் மற்ற ஆறும் அந்த வாரமே கைமாறிவிடும். "ஒன்னியை நம்பலாம், அதற்கு நான் பொறுப்பு" என்று போன இலையுதிர் காலத்தில் ஆய்லியிடம் வாக்குக் கொடுத்தவர் ஆர்விட்தான்.

ஆகவே அவர் வந்தது குற்றவாளியைக் கண்டுபிடிக்க அல்ல. குற்றமே நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க.

"மேல பார்த்த தடயங்களச் சொல்லு," என்றார் நெற்றியைத் தேய்த்தபடி.

"காபி டப்பா. ஆய்லி அக்கா போறப்போ பாதி இருந்துச்சாம், இப்போ முழுசா இருக்கு. விறகு. போறப்போ ஜன்னல் வரைக்கும் இருந்துச்சாம், இப்போ ஜன்னலுக்கு மேல இருக்கு. திருடன் வந்து வச்சுட்டுப் போயிருக்கான் பாஸ். எங்க வீட்டு அட்ரஸ அவனுக்குக் குடுக்க முடியுமா?"

"திருடன் எடுப்பான். வைக்க மாட்டான். ஆகவே திருடன் இல்லை. ஆய்லிக்கு ஞாபக மறதி. பாதி வேலை முடிஞ்சுது."

"பிரமாதம் பாஸ். மீதிப் பாதியையும் முடிச்சுட்டா கிளம்பிடலாம்."

மேலே சமையலறையிலிருந்து ஆய்லியின் குரல் வந்தது. "கீழதான இருக்கீங்க? அப்படியே அந்தத் தண்ணி சாஃப்ட்னர் தொட்டியையும் கழுவி விட்டுடுங்க. என் புருஷன் போனதுக்கப்புறம் யாரும் அதக் கழுவவே இல்ல!"

துப்பறியும் நிபுணரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை இது. ஆர்விட் கேளாதவர்போல் இருந்தார்.

நிலவறையில் ஒரு பக்கம் சவுனா அறை, சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் உட்காருகிற ஃபின்லாந்துக் குளியலறை. ஆய்லியின் கணவன் தன் கையாலேயே தேவதாரு பலகை அடித்துக் கட்டியது. விறகு அடுப்பு வைத்தது. ஏரிக்கரையில் அதற்கு ஈடான சவுனா கிடையாது என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், அதாவது தலையை ஆட்டுவார்கள். கதவைத் திறந்து பார்த்தார். பெஞ்சுகள் தேய்த்துக் கழுவி, வாளி கவிழ்த்து, அகப்பை ஆணியில் தொங்கி, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம்போல் இருந்தது.

"சுத்தமா இருக்கு," என்றார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு," என்ற லெம்பி, ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சவுனாவுக்கு எதிர்ச் சுவரில் நின்றது சாஃப்ட்னர். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீரைவிட இரும்புதான் அதிகம். நெட்டையான தொட்டிக்குள் இருக்கும் ரெசின் மணிகள் அந்த இரும்பையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அலுத்துப் போனதும், பக்கத்திலுள்ள குட்டைத் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்து எந்திரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் புழங்குகிறதோ அவ்வளவு உப்புக் குறையும். புழங்காவிட்டால் ஒரு கல்கூடக் குறையாது.

ஆர்விட்டின் கண்கள் பளிச்சிட்டன. குட்டைத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்சுவரில் ஆய்லி கிளம்பும்போது கரிக்கட்டியால் போட்ட கோடு. வெள்ளை வெளேரென்று உப்பு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"லெம்பி!" குரல் தழுதழுத்தது. "பார்த்தியா? குளிர்காலம் முழுக்க ஒரு கல் குறையல. ஒரு கல்! யாரும் குளிக்கல, யாரும் கை கழுவல. மனுஷன் பொய் சொல்வான், உப்பு சொல்லுமா?"

"சொல்லாது பாஸ். முடிஞ்சுது வழக்கு. வாங்க, போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கு."

"டயர் பார்க்கணும்."

"மிஸஸ் நியெமி! தயவுசெஞ்சு கொஞ்சம் கீழ வாங்க!"

ஆய்லி மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். தீர்ப்பைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அல்ல ஆர்விட். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். நீதிபதியின் சுத்தியல்போல அதை உயர்த்தினார்.

"இந்த வீட்டுல யாரும் தங்கிப் புழங்கல. இதோ உங்க சாட்சி. பாறை மாதிரி உறுதியான சாட்சி!"

உப்பின்மேல் முதல் தட்டு. டொக். இரண்டாவது தட்டு. டொக். மூன்றாவதை, வாக்கியத்தின் முடிவுக்காக, கொஞ்சம் ஓங்கியே தட்டினார்.

துடைப்பக் கட்டை உப்புக்குள் புகுந்து, ஆர்விட்டின் கையோடு, முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

கீழே ஒன்றுமில்லை. நாலு விரல் கனத்தில் அப்பளம்போல ஒரு உப்பு ஏடு. அதற்குக் கீழே வெறும் பள்ளம். அதற்கும் கீழே, கலங்கின தண்ணீரில் உப்புச் சேறு. ஏடு இரண்டாகப் பிளந்து பொளக்கென்று விழுந்தது. சாட்சி ஆர்விட்டின் கண்ணாடியில் தெறித்தது.

யாரும் பேசவில்லை. குர்கி ஏரியில் அது வழக்கம்தான். ஆனால் லெம்பியும் பேசவில்லை. அது வழக்கமில்லை.

"அப்போ உப்பு தீர்ந்து போச்சு," என்றாள் ஆய்லி மெதுவாக. "அதான் துணியெல்லாம் துருப்பிடிச்சுது. யாரோ புழங்கியிருக்காங்க. கொஞ்சநஞ்சமா இல்ல."

"அவசரப்பட வேண்டாம்," என்றார் ஆர்விட்.

"நான் அவசரப்படல. நீங்க கையக் கழுவுங்க. அப்படியே தொட்டியையும் கழுவுங்க."

இந்த முறை கேளாதவர்போல் இருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயைத் திருப்பி, சாஃப்ட்னருக்குப் போகாமல் மாற்றி விட்டார்கள். லெம்பி குவளையால் சேற்று நீரை மொண்டு வாளியில் ஊற்ற, ஆர்விட் பாத்திரம் கழுவும் சோப்பும் தேய்ப்பானுமாகத் தொட்டிக்குள் தலையை விட்டார். அடியில் களிமண் நிறத்தில் வழுவழுப்பு. தேய்க்கத் தேய்க்க, அவருக்குத் தம் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. பித்தளைப் பலகை என்ன சொன்னாலும், ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவர் அவர்.

ஏடு ஏன் கட்டியது?

உப்பு இப்படி ஏடு கட்ட ஈரக் காற்று வேண்டும். ஆளில்லாமல் அடுப்பு தணிந்து கிடக்கும் வீடு, குளிர்காலத்தில் ரொட்டித் தூள்போல வறண்டு போகும். அங்கே ஏடு கட்டாது. அப்படியானால் இங்கே ஆவி வந்திருக்கிறது. நிறைய ஆவி, திரும்பத் திரும்ப. எதிர்ச் சுவரிலிருந்து.

தொட்டிக்குள்ளிருந்தே தலையைத் திருப்பி சவுனா கதவைப் பார்த்தார்.

விறகு. ஜன்னலுக்கு மேல் அடுக்கியிருந்த விறகு. பட்டைப் பக்கம் மேலே பார்க்க, ஒவ்வொரு கட்டையும் மழைக்குக் குடை பிடித்ததுபோல. பட்டையைக் கீழே வைத்து அடுக்குவதுதான் ஆய்லி வீட்டு வழக்கம். ஏரிக்கரையில் பட்டையை மேலே வைத்து அடுக்குகிறவன் ஒருத்தன்தான். ஆறாம் வகுப்பில் அதைப் பற்றி அவர்களுக்குள் சண்டைகூட வந்திருக்கிறது.

எரித்த விறகுக்கு மேலாகவே வெட்டிப் போட்டிருக்கிறான். குடித்த காபிக்கு மேலாகவே வாங்கி வைத்திருக்கிறான். பெஞ்சைத் தேய்த்திருக்கிறான். உப்பையும் போட்டிருப்பான், ஆனால் மூடியைத் திறந்து பார்த்தபோது தொட்டி நிறைந்திருந்தது. திருட்டுத்தனமாக நுழைந்தாலும் கடன் வைக்காமல் நுழைகிற ஜனங்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

"மிஸஸ் நியெமி," என்று மேலே சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டார். தொட்டிக்குள்ளிருந்து வந்ததால் குரல் ஆழமாக ஒலித்தது. அதில் அவருக்குச் சிறு ஆறுதல். "ஒன்னிக்கு ஃபோன் பண்ணி வரச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம். 'வா' மட்டும்."

ஆய்லி அப்படியே செய்தாள். "ஒன்னி, வா," என்று சொல்லி வைத்துவிட்டாள். குர்கி ஏரியில் அது நீண்ட உரையாடல்.

லெம்பி வாளியைக் கொட்டிவிட்டு வருவதாக வெளியே போனாள். ஒரு வாளியைக் கொட்ட ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று.

ஒன்னி நிலவறையின் வெளிக் கதவு வழியாக வந்தான். உயரமானவன், பேச்சில் சிக்கனமானவன். குனிந்து உள்ளே நுழைந்து, தோளிலிருந்ததைத் தரையில் இறக்கினான்.

ஒரு மூட்டை சாஃப்ட்னர் உப்பு.

ஆர்விட் முதலில் மூட்டையைப் பார்த்தார். பிறகு ஒன்னியைப் பார்த்தார்.

"உப்பு எதுக்குடா?"

ஒன்னி மூட்டையைக் காலால் சுவரோரம் நகர்த்தினான்.

"'வா'ன்னு மட்டும்தான சொன்னாங்க. உப்புன்னு யாரும் சொல்லலயே. தொட்டி காலின்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஏடு உடைஞ்சதே இப்பதான். அது உடைஞ்சப்போ இங்க இருந்தது நான், ஆய்லி, அப்புறம்..."

ஒன்னியின் கண்கள் மெல்ல நகர்ந்து லெம்பியின் மேல் நின்றன. லெம்பி வாளியின் அடிப்பாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

கூரைகளைப் பார்வையிட்டே காலம் கழித்தவருக்கு ஒரு விஷயம் தெரியும். ஓட்டை ஒன்று தெரிந்தால், அது ஒன்றாக இருக்காது.

"நீயுமா, லெம்பி?"

"புதன்கிழமை பொம்பளைங்க முறை, பாஸ்," என்றாள் அவள், வாளியிடம். "சனிக்கிழமை ஆம்பளைங்க."

ஆர்விட் சவுனா கதவைத் திறந்து, உள்ளே போய்க் கீழ்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். கால் தானாகப் போயிற்று. மற்ற இருவரும் வந்து வாசலில் நின்றார்கள்.

"ஒன்னி, உன் வீட்டு சவுனா அடுப்பு வெடிச்சுப் போச்சு, இந்த வருஷம் சனிக்கிழமை சவுனா இல்லன்னு சொன்னியேடா."

"ம்."

"வெடிச்சுதா?"

"இல்ல."

"யார் யார் வந்தீங்க?"

"எல்லாரும்."

"பாஸ்டருமா?"

"அவருதான் முதல்ல கேட்டாரு. வேற எங்கயாவது வச்சுக்கலாமான்னு."

ஆர்விட் பலகைச் சுவரைப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் அவர் தம் வீட்டுக் குளியல் தொட்டியில் முழங்கால் மடக்கிக் கிடந்தார். ஏரிக்கு அக்கரையில் புகை தெரிந்தால், யாரோ பாவம் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏன்?"

ஒன்னி தொப்பியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். மறுபடி மாட்டினான். சொல்லத் தெரியாமல் தவிக்கிறவனைப் பார்க்கச் சகிக்காமல் லெம்பிதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க பேசுவீங்க, பாஸ்."

"பேசினா?"

"சவுனாவுல கோவில்ல இருக்கற மாதிரி உட்காரணும்னு சின்னப் பிள்ளையிலேருந்து சொல்லித்தான வளர்க்கறாங்க. நீங்க கல்லுல முதல் அகப்பைத் தண்ணி ஊத்தினதும் படகு மோட்டார ஆரம்பிப்பீங்களாம். ஆவி எறங்கறதுக்குள்ள சந்தேக நபர் நாலு பேராம். பாஸ்டர் சொன்னாரு, 'மேல் பெஞ்சுல உட்கார்ந்தா எனக்கு ஆண்டவர் ஞாபகம் வரணும், இப்போ அந்த மோட்டார்தான் ஞாபகம் வருது'ன்னு."

"ஒரு வார்த்தை. 'ஆர்விட், கொஞ்சம் சும்மா இருடா'ன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்ல?"

ஒன்னி உண்மையாகவே அதிர்ந்து போனான். "எப்படிடா சொல்றது? உன் மனசு கஷ்டப்படும்ல."

அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, மாதக்கணக்கில் விறகு பிளந்து, பாஸ்டரைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்து, தன் பிழைப்பையே பணயம் வைத்தவன் அவன். ஒரு நண்பனிடம் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்வதைவிட இத்தனையும் அவனுக்குச் சுலபமாக இருந்தது. அதை ஆர்விட்டால் மன்னிக்க முடியவில்லை. புரிந்துகொள்ள முடிந்ததுதான் அதைவிட மோசம்.

"என் வாக்க வச்சுத்தான் அவங்க உனக்குச் சாவி குடுத்தாங்க, ஒன்னி."

"தெரியும். போய்ச் சொல்லிடு. உன் வேலை அது," என்றான்.

ஆர்விட் எழுந்து படியேறினார். ஒரு பெயரைச் சொன்னால் ஏழு சாவியும் போகும். சொல்லாவிட்டால் பித்தளைப் பலகை பொய். மேல் படிக்கு வந்தபோதும் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. குழப்பம் வந்தால் அவருக்குக் கைகொடுப்பது கம்பீரம்தான்.

சமையலறையில் ஏலக்காய் ரொட்டி வாசனை. ஆய்லி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் நியெமி," என்று தொடங்கினார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. "நம்பிக்கை என்பது ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதை உடைத்த கை எதுவென்று, நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, இந்த நிமிடத்தில் நான்..."

அவருடைய தோளுக்கு மேலாக ஒரு நீண்ட கை வந்து, சாவியை மேசைமேல் வைத்தது.

"நான்தான், ஆய்லி," என்றான் ஒன்னி. "சனிக்கிழமை. சவுனா."

ஆர்விட்டின் வாக்கியம் அந்தரத்தில் தொங்கியது. இறக்கி வைக்க இடமில்லை.

ஆய்லி சாவியைப் பார்த்தாள். "விறகு போட்டியா?"

"போட்டேன்."

"காபி?"

"வாங்கி வச்சேன்."

"உப்பு?"

"தொட்டி நிறைஞ்சிருந்துச்சு."

"மேலாப்புல பார்த்திருப்ப. கட்டையால குத்திப் பார்க்கணும்னு உனக்குத் தெரியாதா? ரெசினெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு." அவள் குரலில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது. "துரு எடுக்கிற பொடி வாங்கிட்டு வா. கரைச்சு ஊத்தி, எந்திரம் ரெண்டு தடவை கழுவி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லு. அப்புறம் என் விரிப்பெல்லாத்தையும் நீயே துவை. என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

ஆய்லி அதை யோசித்தாள். அது நியாயமான காரணமாகவே அவளுக்குப் பட்டது. சாவியை விரலால் அவன் பக்கம் தள்ளிவிட்டு, அதன்மேல் ஒரு துண்டு ரொட்டியை வைத்தாள்.

"இனிமே சனிக்கிழமை நான் வீட்டுல இருப்பேன். கதவத் தட்டிட்டு வாங்க, எல்லாரும்." பிறகு அவள் பார்வை ஆர்விட்டின் மேல் வந்து நின்றது. "நீங்களும்... வந்து..."

ஒன்னி காபிக் கோப்பைக்குள் பார்த்தான். லெம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு," என்றார் ஆர்விட்.

என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேருமே மூச்சை விட்டார்கள். மூன்று மூச்சும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டன. துப்பறியும் காது.

லெம்பி அவரைக் காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். வழி நெடுக ஒரு கிண்டலும் இல்லை. "நாளைக்கு வரட்டுமா பாஸ்?" என்று கேட்டாள். கதவைச் சாத்தியதுதான் அவர் சொன்ன பதில்.

உள்ளே மனைவி சைமி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஆர்விட் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்து, ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தார். ஒன்னி. பாஸ்டர். லெம்பி. சைமி ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவர் தலை நிமிர்ந்தார்.

"நீ சொல்லு சைமி. உனக்கு இது தெரியுமா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் சைமி, கிழங்கைத் திருப்பியபடி. "புதன்கிழமையானா நான்தான் தேவாலயத்துல பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போயிடறேனே."

ஆர்விட் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தார். இந்த ஏரிக்கரையில் ஒருத்தியாவது மிஞ்சினாளே என்று அவர் கண் கலங்கிற்று. சைமி அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அந்தத் தேவாலயத்தில் பாட்டுக் குழு கிடையாது.